கருத்து எண் அறுபத்து நாலு

வேணாம் தம்பி, அந்த ஃபைலை மேல வைக்காதீங்க. எவனாச்சும் மூட்டையைத் தூக்கி அதுமேல போட்டுருவான். எம்மடியிலயே இருக்கட்டும். நீங்க சன்னலோரம் உக்காருங்க, எனக்குக் காத்து ஆவாது. நாகப்பட்டினம்தானே? நானும் அங்கதான். அஞ்சு மணிக்குள்ள இதைக் கொண்டுபோய்க் குடுத்து, சீல் வச்சு ரசீது வாங்கணும். இன்னைக்குத்தான் கடைசி நாள்.

என்னன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? பரவால்ல, சொல்றேன். திருவாரூர் தாண்டறவரைக்கும் உங்களுக்கும் வேற என்ன வேலை.

கடலோர வட்டாரப் பருவநிலை மதிப்பீட்டுக் குழுன்னு ஒண்ணு இருக்கு. பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டு ஸ்டாப்பிங் போயிரும். பன்னெண்டு விஞ்ஞானிங்க, மூணு வருஷம், எங்க கடலோரத்தை ஆராய்ச்சி பண்ணினாங்க. இனிமே மழை எப்படி, கடல் எவ்வளவு ஏறும், எந்த ஊருல கிணத்துத் தண்ணி உப்பாவும்னு பெருசா ஒரு புஸ்தகம். எழுதினோமா அச்சுக்கு அனுப்பினோமான்னு இருக்கலாம்ல? ‘இது வரைவுதான், பொதுமக்கள் படிச்சுப் பாத்துக் கருத்துச் சொல்லலாம்’னு விட்டாங்க. தமிழ்ப் பிரதியே இருநூத்தி எம்பது பக்கம். எங்க ஊரு தாழந்துறை, வேதாரண்யத்துக்கு வடக்கால. அங்க அதைப் படிச்ச பொதுமக்கள் ஒரே ஆளு. நாந்தான்.

தியாகேசன். தாலுகா ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ்ல என் கையில வந்த மனு ஒண்ணுகூடத் தொலைஞ்சதில்ல. நடவடிக்கை எடுத்தோமா இல்லையாங்கறது வேற விஷயம். தொலைஞ்சதில்ல.

அந்தக் குழு ஒரு படிவம் குடுத்திருந்தாங்க பாருங்க, அதைப் பாத்ததும் எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. பக்க எண் ஒரு கட்டம், வரி எண் ஒரு கட்டம், உங்க கருத்து, அதுக்கு ஆதாரம். கடைசிக் கட்டம் காலி. அதுல அவங்க பதில் எழுதுவாங்க. ஒவ்வொரு கருத்துக்கும் கட்டாயம் பதில் எழுதணுமாம். பக்கமும் வரியும் இல்லாத கருத்து செல்லாது. விஞ்ஞானம் விஞ்ஞானம்னு பெருசாச் சொல்றாங்க, கடைசில பாத்தா சுத்த ஆபீஸ் வேலை! இதுல என்னை அடிச்சுக்க ஆள் உண்டா?

நூத்திப் பதினெட்டு கருத்து எழுதினேன். சிரிக்காதீங்க. பக்கம் பதினாலுல மூணாம் இணைப்பைப் பாருங்கங்கறான், போய்ப் பாத்தா மூணாம் இணைப்பே இல்ல. பக்கம் முப்பத்தொண்ணுல ஒரே வாக்கியத்துல மூணு ‘சுமார்’. பக்கம் நூத்தி மூணுல ‘கடல் மட்டம் உயர வாய்ப்புண்டு’ன்னு போட்டுருக்கு. வாய்ப்புண்டுன்னா? உயருமா, உயராதா? நான் இப்படி ஒரு குறிப்பு எழுதி வச்சிருந்தா தாசில்தார் மூஞ்சில விட்டெறிஞ்சிருப்பாரு. இவங்களுக்கு டாக்டர் பட்டம் குடுத்து ஜீப்பும் குடுத்திருக்காங்க.

கருத்துக் கேட்புக் கூட்டம்னு ஒண்ணு போட்டாங்க, எங்க பக்கத்து ஊர் கல்யாண மண்டபத்துல. எங்க தெருவுல மூணாவது வீட்டு மாரிக்கொழுந்து மைக்கைப் புடிச்சுக்கிட்டு ‘எங்க வீட்டுக் கிணறு கரிக்குது, உலை வச்சா சோறு வேகமாட்டேங்குது’ன்னு ஆரம்பிச்சுட்டா. நான் எந்திரிச்சேன். ‘இந்தாம்மா, எந்தப் பக்கம், எந்த வரி? அதைச் சொல்லாம பேசக்கூடாது’ன்னேன். நியாயம்தானே? அவ என்ன பண்ணினா தெரியுமா? ‘பக்கமும் வரியும் எனக்குத் தெரியாதுங்க, குடிச்சுப் பாருங்க’ன்னு ஒரு பாட்டில் தண்ணியைக் கொண்டுபோய் மேடையில வச்சுட்டா! குழுவுல ஷெரின்னு ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, நாகர்கோவில் பக்கம். அது மூடியைத் தொறந்து மடக்குன்னு ஒரு வாய் குடிச்சிருச்சு. மூடியை இறுக்கி மூடிச்சு. ‘அய்யா, அவங்க பேசட்டும்’னு என்னைப் பாத்துச் சொல்லுது. முறையா எழுதிட்டுப் போனவனை உக்கார வச்சுட்டு பாட்டில் கொண்டாந்தவளைப் பேச விட்டாங்க. இதையும் ஒரு கருத்தா எழுதினேன், எண் நூத்திப் பதினேழு. 

மாரிக்கொழுந்து வீட்டுக் கிணறு வேணா கரிக்கும். எங்க வீட்டுக் கிணறு ஊர்லயே நல்ல கிணறு. எங்கப்பா காலத்துல பக்கத்து ஊர்லேருந்து வர்றவங்ககூட குடத்தோட வந்து நிப்பாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். எங்க வீட்டுக்காரிக்கு, அபயாம்பாள்னு பேரு, ரெண்டு வருஷமா ஒரே பாட்டு. மன்னார்குடியில எங்க பொண்ணு குழலி இருக்கு, அங்க போயிருவோம், மாடி போர்ஷன் சும்மாத்தானே கெடக்குன்னு. ஏன்டி, எங்கப்பா கட்டின வீடு, நாலு தென்னை, கிணறு, இதை விட்டுட்டு எதுக்குப் போவணும்? ஒடம்புக்கு முடியலங்கறா. கால் வீங்குது, தலை சுத்துது, ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்கல. வேதாரண்யம் டாக்டர் உப்பைக் குறைங்கன்னாரு. குறைச்சா. அப்புறம் நிறுத்தியே போட்டா. சாம்பார்ல உப்பு கெடையாது, ரசத்துல கெடையாது, ஊறுகாய் ஜாடியையே மாரிக்கொழுந்துகிட்ட தூக்கிக் குடுத்துட்டா. அப்பவும் நூத்தியெம்பது. மனசுல ஊரை விட்டுப் போவணும்னு நெனப்பு இருந்தா அழுத்தம் எப்படி எறங்கும்? நான் அப்படித்தான் சொல்லுவேன். சாம்பார்ல உப்பு போடாத இதே பொம்பளை, காப்பியில மட்டும் ஞாபகமா உப்பைப் போட்டுருவா. அதனாலதான் நான் டீக்கடையில குடிக்கறது. அங்க கேன் தண்ணி, நல்லா இருக்கும்.

இந்தப் புஸ்தகம் வந்துச்சா, பின்னாடி ஒரு மேப். பிர்க்கா வாரியா கலர் அடிச்சிருக்கான். பிர்க்கான்னா பத்துப் பதினஞ்சு கிராமத்தை ஒண்ணாச் சேத்து வருவாய்த்துறையில வச்சிருக்கறது, எழுத்துல குறுவட்டம். செவப்புன்னா தண்ணி உப்பாகி ஊரே தாங்காது, மஞ்சள்னா மிதமான பாதிப்பு. எங்க ஊரு என்ன கலர்? மஞ்சள்! நான் அபயத்தைக் கூப்ட்டு ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டினேன். ‘பாத்தியா, பன்னெண்டு விஞ்ஞானி சொல்லிட்டான், இன்னமே மன்னார்குடின்னு வாயைத் தொறக்காத’ன்னேன். 

அவ கேட்டா, ‘செவப்புன்னு போட்டிருந்தா கெளம்பிருப்பீங்களா?’

‘மறுபேச்சு இல்லாம கெளம்பிருப்பேன்’னேன். மஞ்சள்தானே, சொல்றதுக்கு என்ன.

‘சத்தியமா?’

‘சத்தியமா’ன்னேன். அவ சரின்னு எந்திரிச்சுப் போயிட்டா. பொம்பளைங்களுக்கு இப்படி எழுத்து மூலமா ஒண்ணைக் காட்டினா அடங்கிருவாங்க தம்பி. நீங்க கல்யாணம் ஆனவரா? ஞாபகம் வச்சுக்குங்க.

மூணு நாள் கழிச்சுச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். ரசம் ஊத்திக்கிட்டே கேக்கறா, ‘ஏங்க, நம்ம ஊரு எந்த பிர்க்கா?’ பாருங்க, நாப்பது வருஷமா ஒரு ஹெட் கிளார்க்குக்கு வாக்கப்பட்டவ, தன் ஊரு எந்த பிர்க்கான்னு தெரியல! ‘முனைக்காடு பிர்க்காடி. எம்பத்தேழு வரைக்கும் கருவேலில இருந்துச்சு, எம்பத்தேழுல மாத்தினாங்க. அந்த ஆர்டரை டைப் அடிச்சதே நான்’னேன். 

‘அப்படியா? இவங்க பக்கம் இருநூத்திப் பன்னெண்டுல கருவேலின்னு போட்டிருக்காங்களே’ன்னா. அப்புறம் ரசத்தைக் கலக்கிக்கிட்டே, ‘சரி விடுங்க, அவ்ளோ படிச்சவங்க, அவங்களுக்குத் தெரியாததா? நீங்கதான் மறந்திருப்பீங்க’ன்னா.

நான் மறந்திருப்பேனாம்! எனக்குச் சோறு எறங்கல. கையைக் கழுவிட்டுப் போய்ப் புஸ்தகத்தைத் தொறந்தா, அந்தப் பக்கத்துல சரியா ஒரு கண்ணாடி. என் கண்ணாடின்னு எடுத்து மாட்டினா எழுத்தே தெரியல, பாத்தா அவளோடது. எங்கயோ வைக்கறதை இதுக்குள்ள வச்சிருக்கா. ஞாபகமறதி.

ஆனா பாருங்க, அவ சொன்னது சரி. பழைய லிஸ்டை வச்சுக்கிட்டு எங்க ஊரைக் கருவேலில சேத்துட்டான். கருவேலி உள்ளடங்கின ஏரியா, ஏழு மைல் மேற்கால, அதனால மஞ்சள். கருத்து எண் அறுபத்து நாலு. பக்கம் இருநூத்திப் பன்னெண்டு, வரி ஒம்போது. ‘தாழந்துறை கிராமம் முனைக்காடு குறுவட்டத்தைச் சேர்ந்தது. தவறு திருத்தப்பட வேண்டும்.’ ஆதாரம், எம்பத்தேழு வருஷத்து உத்தரவு, என் சொந்தக் கோப்பிலேருந்து நகல். எழுதி முடிச்சதும் வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. அன்னைக்குத்தான் அபயம் பரண்லேருந்து சூட்கேஸை எறக்கித் தொடைச்சுக்கிட்டு இருந்தா. எதுக்குன்னேன், ஒட்டடைன்னா.

ரெண்டு மாசம் கழிச்சுப் பதில் வந்துச்சு. நூத்திப் பதினெட்டுக்கும் பதில். தொண்ணூத்தி மூணுக்கு ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’. இருபத்தி நாலுக்கு ‘மதிப்பீட்டின் வரம்புக்கு உட்பட்டதல்ல’. கவனத்தில் கொள்ளப்பட்டதுன்னா என்னன்னு எனக்கா தெரியாது? சர்வீஸ்ல நானே எத்தனை ஆயிரம் மனுவுல எழுதியிருக்கேன். குப்பையில போட்டாச்சுன்னு அர்த்தம். வயித்தெரிச்சலா இருந்துச்சு. ஆனா ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும், அறுபத்து நாலுக்கு, ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது. நன்றி’. 

நன்றி! முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ்ல ஒருத்தன் எனக்கு எழுத்துல நன்றி சொன்னதில்ல தம்பி. அந்தக் காகிதத்தை எடுத்துக்கிட்டு டீக்கடை, ரேஷன் கடை, கோயில் வாசல், ஒரு எடம் பாக்கியில்ல. எல்லாரும் கைகுடுத்தானுவ. எங்க பஞ்சாயத்துத் தலைவர் வீரசேகரன் துண்டுகூடப் போத்தினாரு. அதோட திருத்தின பக்கங்களும் மேப்பும் வந்திருந்துச்சு, அதை யாரும் பிரிச்சுப் பாக்கல. பிரிச்சது அபயம்தான். மேப்பை மேசையில விரிச்சு, விரலை வச்சுக் காட்டினா.

முனைக்காடு பிர்க்கா முழுக்கச் செவப்பு. எங்க ஊரும் செவப்பு.

மறுநாள் துண்டு போத்தின வாயெல்லாம் என்ன பேசிச்சுங்கறீங்க! ‘சும்மா மஞ்சளா இருந்த ஊரை இந்த ஆளு செவப்பாக்கிட்டான்’, ‘செவப்பு ஊருக்கு எவன் பொண்ணு குடுப்பான்’னு. ஏன்டா, உப்பை நானாடா கொண்டாந்து கொட்டினேன்? எந்த பிர்க்கான்னுதானே சொன்னேன்? அபயம் அப்பவும் ஒரு வார்த்தை சொல்லல, நல்லவ. ‘சத்தியம் பண்ணினீங்க’ன்னு மட்டும் சொன்னா. எப்பவும் ஆடி அசைஞ்சு வேலை செய்யறவ, அன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள ரெண்டு சூட்கேஸ், மூணு சாக்கு, சாமி படம் எல்லாம் கட்டி ரெடி. ஆச்சரியமா இருந்துச்சு. 

மன்னார்குடிக்கு வந்து ஆறு வாரம் ஆவுது. எனக்கு ஒரு வேலையில்ல. மாடி போர்ஷன்ல உக்காந்து பக்கத்து வீட்டுத் துணி காயறதைப் பாத்துக்கிட்டு இருக்கேன். அழுகையா வரும் தம்பி, வெக்கத்தை விட்டுச் சொல்றேன். எங்கப்பா வீட்டைப் பூட்டி சாவியை மாரிக்கொழுந்துகிட்ட குடுத்துட்டு வந்தேன். சாவியை வாங்கறப்ப அவ எதாச்சும் குத்திச் சொல்லுவான்னு பாத்தேன். ‘போயிட்டு வாங்கண்ணே, அண்ணியைப் பாத்துக்குங்க’ன்னா.

போன வாரம் தலைவர் மன்னார்குடிக்கே வந்துட்டாரு. ‘அண்ணே, கடைசித் திருத்தத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்காம். அந்த எம்பத்தேழு ஆர்டர் சரியா அமலுக்கு வரலன்னு ஒரு மனு போடுங்க, ஊரு மறுபடியும் கருவேலிக்குப் போயிரும், மஞ்சளாயிரும். எழுத்துல உங்களை மிஞ்ச யார் இருக்கா’ன்னாரு. யோசிச்சுப் பாத்தேன். அமலுக்கு வந்த தேதியில ஒரு ஓட்டை இருக்கத்தான் செய்யுது. அது எனக்கு மட்டும்தான் தெரியும், ஏன்னா டைப் அடிச்சப்ப அதை விட்டதே நான். நாலு நாள் உக்காந்து எழுதினேன். என் வாழ்நாள்ல இப்படி ஒரு மனு எழுதினதில்ல தம்பி. நாப்பத்தொரு பேர் கையெழுத்து. இந்த ஃபைல்ல இருக்கறது அதான். இது ஏத்துக்கிட்டா ஊரு மஞ்சள், சத்தியமும் செல்லாது, நானும் அவளும் எங்க வீட்டுக்குப் போயிரலாம்.

இன்னைக்குக் கெளம்பறப்ப அபயத்துகிட்டச் சொன்னேன். கோவப்படுவான்னு பாத்தா, இல்ல. ஒரு சீட்டைக் கொண்டாந்து குடுத்து, ‘இதையும் ஃபைல்ல வச்சுக்குங்க’ன்னா. டாக்டர் சீட்டு. எதுக்கு இதுன்னேன். ‘சும்மா வச்சுக்குங்க, தொலைஞ்சிரும்’னா. அவளுக்கு எது எந்தக் கோப்புல போவணும்னு தெரியாது, பாவம்.

இந்தா பாருங்க. வந்த அன்னைக்கு நூத்தியெம்பது. ரெண்டாம் வாரம் நூத்தி அம்பத்தி ரெண்டு. நாலாம் வாரம் நூத்தி முப்பத்தெட்டு. நேத்து நூத்தி இருபத்தெட்டு. அதே மாத்திரைதான். சாம்பார்ல இப்ப உப்புகூடப் போடறா. நான் டாக்டர்கிட்டயே சொன்னேன், ‘உங்க மிஷின் ரிப்பேர்’னு. அவரு வேற மிஷின் கொண்டாரச் சொல்லி எம்முன்னாடியே அழுத்திப் பாத்தாரு. அதே நூத்தி இருபத்தெட்டு.

அப்புறம் கேட்டாரு, ‘அங்க எந்தத் தண்ணி குடிச்சீங்க?’ 

‘எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணிதான் சார், ஊர்லயே நல்ல கிணறு’ன்னேன்.

‘ரெண்டு பேரும் அதேதானா?’

நான் வாயைத் தொறந்தேன் தம்பி. ‘எனக்கு டீயும் தண்ணியும் டீக்கடையிலதான் சார், வீட்டுக் காப்பி கரிக்கும்’னு என் வாயாலயே சொன்னேன். சொல்லிட்டு அப்படியே உக்காந்துட்டேன். டாக்டர் எழுதிக்கிட்டு இருந்தாரு. அபயம் செவுத்துல காலண்டரைப் பாத்துக்கிட்டு இருந்தா.

ஏழெட்டு வருஷம். காலையில காப்பி கொண்டாந்து வைப்பா. ஒரு வாய் வச்சுட்டு, ‘உப்பைக் கொட்டிட்டியாடி’ன்னு டம்ளரைத் தள்ளிட்டு சட்டையை மாட்டிக்கிட்டு டீக்கடைக்குக் கெளம்பிருவேன். ஒரு நாளாச்சும் அவ, ‘நான் போடலங்க, தண்ணி’ன்னு சொல்லியிருக்கலாம்ல? சொன்னாளோ என்னவோ. சொல்லியிருப்பா. எதுல ஆதாரம்னு கேட்டிருப்பேன். நான் தள்ளி வச்ச காப்பியை வீணாப் போவுதேன்னு அவதான் குடிப்பா. அவ காப்பியும் குடிச்சு, என் காப்பியும் குடிச்சு.

கீவளூர் போயிருச்சா? சிக்கல் வந்துருச்சா? அடடா, எந்நேரம் பேசிட்டேன். 

தம்பி, உங்க சட்டைப் பையில இருக்கறது பேனாதானே? எழுதுமா? இந்தாங்க, இந்த மனுவை உங்க பக்கத்துல வச்சுக்குங்க. கசங்கினாலும் பரவால்ல, இதைக் குடுக்கப் போறதில்ல. ஊர்ல நான் பேசிக்கறேன், என்னத்தச் செஞ்சிரப் போறானுவ, துண்டைத் திருப்பிக் கேப்பானுவ. ஃபைலுக்கு அடியில காலிப் படிவம் ஏழெட்டு இருக்கும், ஒண்ணு எடுங்க. வண்டி குலுங்கினா எனக்கு எழுத்து கோணிரும். நீங்களே எழுதுங்க, நான் சொல்றேன். எழுத்து நிதானமா இருக்கணும், அடிச்சுத் திருத்தக் கூடாது. 

கருத்து எண் நூத்திப் பத்தொம்போது. பக்கம் இருநூத்திப் பன்னெண்டு. வரி பதினொண்ணு. ‘தாழந்துறையில் கிணற்று நீர் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் குடிக்க இயலாத அளவுக்கு உவர்ப்பாகக்கூடும்’னு திருத்தின பக்கத்துல போட்டிருக்காங்க. கருத்துக் கட்டத்துல எழுதுங்க: ‘ஆகக்கூடும் என்பது தவறு. ஆகிவிட்டது.’ எழுதியாச்சா?

அடுத்தது ஆதாரம். அந்த டாக்டர் சீட்டை இதோட சேத்துக் குத்திருவோம். கட்டத்துல எழுதுங்க: ‘அபயாம்பாள், வயது அறுபத்தொண்ணு, கணவர் பெயர் தியாகேசன். அந்தத் தண்ணீரை அவர் குடித்தார். நான் குடிக்கவில்லை.’

ஏன் நிறுத்திட்டீங்க? அதையும் எழுதுங்க தம்பி. நான் குடிக்கவில்லை. எழுதிட்டீங்களா? குடுங்க இப்படி, கையெழுத்துப் போடறேன்.